குழாயா, தண்ணீரா, வடிகட்டியா: வினைல் குளோரைடை முன்வைத்து ஒரு வீட்டுக்கான ஒப்பீடு

திருநெல்வேலிக்குப் பக்கத்து முன்னீர்ப்பள்ளத்தில் என் தங்கை வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். சுவர்ப் பூச்சுக்கு முன் குழாய் பதிக்கும் வேலை வந்த நாளில், அவள் கணவர் கைப்பேசியில் வந்த ஒரு செய்தியைக் காட்டி, "மச்சான், பி.வி.சி. குழாய்த் தண்ணி குடிச்சா கேன்சர் வருமாமே, எல்லாத்தையும் மாத்திரலாமா?" என்று கேட்டார். பிளம்பர், இறக்கி வைத்த குழாய்க் கட்டின் மேல் உட்கார்ந்தபடி, "அண்ணாச்சி, எது வேணும்னு ஒரு முடிவா சொல்லிட்டா நான் சுவரைக் கொத்த ஆரம்பிச்சிருவேன்" என்றார். வேதியியல் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவன் என்பதால் இருவருமே என் முகத்தைப் பார்த்தார்கள். உடனே சொல்ல என்னிடம் ஒரு வரிப் பதில் இல்லை. வேலையை இரண்டு நாள் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, எந்தக் குழாய், எந்தத் தண்ணீர், எந்த வடிகட்டி என்ற மூன்று கேள்விகளையும் தனித்தனியே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். இதே கேள்வியோடு நிற்கிற மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பயம் எதைப் பற்றியது என்று தெளிய வேண்டும். வினைல் குளோரைடு ஒரு வாயு. அதன் கொதிநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸ். இந்தச் சிறு மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்தால் கிடைப்பதுதான் பி.வி.சி. என்னும் பாலிவினைல் குளோரைடு. கோத்து முடித்த சங்கிலியால் அந்த நோய் வருவதில்லை. கோக்கப்படாமல் பிளாஸ்டிக்குக்குள் தங்கிவிடும் மிச்ச மூலக்கூறுதான் கவலைக்குரியது. வெயிலில் காய்ந்து வெளுத்துப்போன குழாய் மறுபடியும் வினைல் குளோரைடாகப் பிரிந்து தண்ணீரில் கலக்கிறது என்று சிலர் அஞ்சுகிறார்கள். பி.வி.சி. சிதையும்போது பெரும்பாலும் வெளியேறுவது ஹைட்ரஜன் குளோரைடு. சங்கிலி அவிழ்ந்து பழைய மணிகளாக உதிர்வதில்லை.

அந்த மிச்ச மூலக்கூறு கொடியது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. 1974-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், பி.வி.சி. தயாரிக்கும் ஆலையொன்றின் தொழிலாளர்கள் சிலருக்குக் கல்லீரல் இரத்தக் குழாய்களில் ஆஞ்சியோசார்கோமா என்னும் மிக அரிய புற்றுநோய் வந்திருப்பது வெளியே தெரிந்தது. பொதுமக்களிடையே அபூர்வமாகவே காணப்படும் அந்த நோய் ஒரே ஆலையில் பலருக்கு வந்ததால்தான் காரணம் பிடிபட்டது. கொதிகலன் போன்ற பெரிய கலன்களுக்குள் இறங்கி, ஒட்டிக்கொண்ட பிசினை, அதாவது வார்க்கப்படாத பி.வி.சி.யை, சுரண்டியவர்கள் அந்த வாயுவை ஆண்டுக்கணக்கில் சுவாசித்திருந்தார்கள். நோய் தலைகாட்டப் பலருக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. சிலருக்கு விரல் நுனி எலும்புகளே கரைந்திருந்தன. உடலுக்குள் போன வினைல் குளோரைடைக் கல்லீரல் நொதிகள் குளோரோஎத்திலீன் ஆக்சைடாக மாற்றுகின்றன. அது மரபணு இழையோடு ஒட்டிக்கொள்வதே கேட்டின் தொடக்கம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என உறுதியான முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. பிறந்தது முதலே இதற்கு ஆளாகும் குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல் என்று கொண்டே வரம்புகளை வகுக்கிறார்கள். என் தங்கைக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருப்பதால் இந்த வரியை நான் கடந்துபோக முடியவில்லை.

குடிநீரில் எவ்வளவு இருக்கலாம் என்பதில் நாடுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியம் 0.5 வைத்திருக்கிறது, அமெரிக்காவின் சட்ட வரம்பு 2 மைக்ரோகிராம், இலக்கு மட்டும் பூஜ்ஜியம். உலக சுகாதார அமைப்பின் எண்ணுக்குப் பொருள், அந்த அளவுள்ள தண்ணீரை வாழ்நாள் முழுதும் குடிக்கும் ஒரு லட்சம் பேரில் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரலாம் என்ற உச்சக் கணிப்பு. நம் நாட்டுக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில், வினைல் குளோரைடுக்கென்று தனி வரம்பு குறிக்கவில்லை. ஆகவே "தரநிலைப்படி தண்ணீர் நல்லாயிருக்கு" என்று வரும் அறிக்கை இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடையாகாது.

தண்ணீருக்குள் இது வந்து சேரும் வழிகள் இரண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் குழாய் மாற்றுவதா, வடிகட்டி வாங்குவதா என்று விவாதித்தால் பணம் போகும், பயம் போகாது.

பெரிய வழி நிலத்தடி. உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன், துணிகளை உலர்சலவை செய்யப் பயன்படும் டெட்ராகுளோரோஎத்திலீன் ஆகிய கரைப்பான்கள் மண்ணில் கொட்டப்பட்டால், தண்ணீரைவிடக் கனமானவை என்பதால் நிலத்தடி நீரையும் ஊடுருவி ஆழத்துக்கு இறங்குகின்றன. அங்கே ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றிலிருந்து குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. டெட்ராகுளோரோ, டிரைகுளோரோவாகி, டைகுளோரோவாகி, கடைசிப் படிக்கு முந்திய படியில் வினைல் குளோரைடாகி நிற்கிறது. கொட்டியதைவிடக் கொடியது, கொட்டியபின் மண்ணுக்குள் பிறக்கிறது. அமெரிக்காவில் வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் மரைன் படைப் பாசறையில், 1953 முதல் 1987 வரை அங்கே வாழ்ந்த குடும்பங்கள் குடித்த தண்ணீரில் இவ்வகைக் கரைப்பான்களோடு வினைல் குளோரைடும் கலந்திருந்தது. கிணறுகள் மாசுபட்டதுதான் காரணம், குழாய் அல்ல.

சிறிய வழிதான் குழாய். அமெரிக்காவில் 1977-க்கு முன் செய்யப்பட்ட பி.வி.சி. குழாய்களில் மிச்ச மூலக்கூறு அதிகமாக இருந்ததால், ஊரின் கடைக்கோடிக் கிளைகளில், ஓட்டமின்றி நாள்கணக்கில் தேங்கிய தண்ணீரில் அது தெரிந்தது. அதன்பின் பிசினிலிருந்து மிச்ச வாயுவை நீராவி கொண்டு வெளியேற்றும் முறை பரவி, இன்றைய தரமான பிசினில் அது மிகச் சொற்பமாகிவிட்டது. தண்ணீர் எவ்வளவு நேரம் தேங்குகிறது, எவ்வளவு சூடாகிறது, குழாய் எவ்வளவு ஒடுக்கமானது என்ற மூன்றையும் பொறுத்தே கசிவு கூடுகிறது அல்லது குறைகிறது.

இனிக் குழாய்களை ஒப்பிடலாம். தங்கை வீட்டு வாசலில் இறக்கியிருந்த வெள்ளைக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதன் மேலே ஐ.எஸ். 4985 என்ற எண்ணும், அழுத்த வகையும் தெளிவாக அச்சாகியிருந்தன. அது குடிநீருக்கான தரநிலை. அடியில் கிடந்த இன்னொரு கட்டில் வெறும் கம்பெனிப் பெயர் மட்டும். நகத்தால் கீறினால் சுண்ணாம்புபோல் மாவு வந்தது. விலையில் இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் ஒரு நாள் கொத்தனார் கூலிகூட இல்லை. பி.வி.சி. வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, எந்த பி.வி.சி. என்ற கேள்விதான் அங்கே பெரியதாகப் பட்டது. ஏனென்றால் மலிவுக் குழாயில் வினைல் குளோரைடைவிட நான் அஞ்சுவது ஈயத்துக்கு. குழாய் வார்க்கும்போது சூட்டில் கருகாமலிருக்கச் சேர்க்கும் நிலைப்படுத்தியில் ஈயச் சேர்மங்கள் நெடுங்காலம் பயன்பட்டன. அதைக் கட்டுப்படுத்த 2021-இல் நடுவண் அரசு தனி விதிகளே வெளியிட்டது. குழந்தையின் மூளைக்கு ஈயம் செய்யும் கெடுதி நெடுநாள் காத்திருந்து வருவதன்று.

சி.பி.வி.சி. என்னும் இளமஞ்சள் குழாயை "இது வேற பொருள், இதுல அந்தப் பயமில்லை" என்று கடைக்காரர் சொல்வார். அதுவும் பி.வி.சி.தான், மேலும் குளோரின் ஏற்றப்பட்டிருப்பதால் சூடு தாங்கும், அவ்வளவே. வெந்நீர்க் குழாய்க்கு அது சரி. வினைல் குளோரைடுக்குத் தப்பிக்க என்று வாங்குவது பொருளற்றது. இரும்புக் குழாயில் இந்த வேதிப்பொருள் இருக்க வழியே இல்லை. ஆனால் ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புத் தண்ணீரில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புக் குழாய் துருவேறி உள்ளே அடைத்துக்கொள்வதைப் பார்க்காத பிளம்பர் இல்லை. செம்புக் குழாயின் விலை கேட்ட மாத்திரத்தில் மாப்பிள்ளை சிரித்துவிட்டார்.

அடர் பாலிஎத்திலீனால் ஆன கறுப்பு எச்.டி.பி.ஈ. குழாய்தான் ஊன்றிப் பார்க்க வேண்டியது. பாலிஎத்திலீனில் குளோரினே கிடையாது. ஆகவே அதிலிருந்து வினைல் குளோரைடு கசிய வாய்ப்பில்லை. மாடியில் வைக்கும் சின்டெக்ஸ் வகைத் தொட்டிகளும் பாலிஎத்திலீனே என்பதால் அவற்றைப் பற்றியும் இந்தக் கவலை வேண்டாம். அப்படியானால் எல்லோரும் எச்.டி.பி.ஈ.க்கு மாறிவிடலாமே என்று தோன்றும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பெட்ரோல், கரைப்பான் போன்றவை ஊறிய மண்ணில் பதித்தால், அவை பாலிஎத்திலீன் சுவர் வழியே ஊடுருவி உள்ளே ஓடும் தண்ணீரில் சேர்ந்துவிடும், பி.வி.சி. இந்த ஊடுருவலை அதைவிட நன்றாகத் தடுக்கிறது. பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில், பழைய பட்டறை இருந்த மனையில், கறுப்புக் குழாயைப் பதிப்பது பூனைக்குப் பயந்து புலிக்கூண்டில் ஒளிவது போல. வயல் வழியே, சுத்தமான செம்மண்ணில் போகும் நீண்ட குழாய்க்கு எச்.டி.பி.ஈ. அருமையான பொருள், மாசுபட்டதென்று ஐயமுள்ள மண்ணில் உலோகக் குழாயே தகும்.

ஒட்டும் பசையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். புதுக் குழாயைத் திறந்ததும் மூக்கில் ஏறும் காரமான நெடியை வினைல் குளோரைடு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது சால்வென்ட் சிமெண்ட்டில் உள்ள டெட்ராஹைட்ரோஃபியூரான், சைக்ளோஹெக்சனோன் போன்ற கரைப்பான்களின் வாடை. இணைப்பை நன்கு உலரவிட்டு, இரண்டு மூன்று முறை தொட்டியை நிரப்பி வடித்துவிட்டால் போய்விடும். கெடுதி செய்யும் அளவில் தண்ணீரில் இருக்கும் வினைல் குளோரைடை மூக்கால் அறியவே முடியாது. வாடை தெரிய வேண்டுமானால் வரம்பைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு இருந்தாக வேண்டும். வெட்டி மிஞ்சிய குழாய்த் துண்டுகளை வேலைக்காரர்கள் மாலையில் கூட்டி எரிப்பது நம் பக்கத்து வழக்கம். அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின்கள் என்னும் நச்சுகளும் உண்டு. தண்ணீரைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற வீட்டில் அந்தப் புகையைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

அடுத்தது, எந்தத் தண்ணீர் என்பது. என் கணிப்பில் முடிவின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. ஆற்றுத் திட்டத்தில் வரும் தாமிரபரணித் தண்ணீர் ஆற்று மணலிலுள்ள உறைகிணறுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. பாபநாசத்திலிருந்து அணை அணையாகத் தாண்டிக் குதித்து, காற்றோடு கலந்து வரும் ஆற்று நீரில் வினைல் குளோரைடு நிலைத்திருப்பது கடினம். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து அது சில மணி நேரங்களிலேயே காற்றுக்குப் போய்விடும் இயல்புடையது. ஆற்றுக்கு வேறு துயரங்கள் உண்டு. சாக்கடை கலப்பதும், துணி குவிவதும் நம் கண்முன் நடப்பவை. அவற்றுக்குக் குளோரினும் கொதியும் வேண்டும். இந்த ஒரு நஞ்சைப் பொறுத்தவரை ஆற்றுத் தண்ணீருக்கே என் வாக்கு.

போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அப்படியல்ல. மண்ணுக்கு அடியில் காற்று படாமல் அடைந்து கிடப்பதால், வந்து சேர்ந்த வினைல் குளோரைடு ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் என்ற நம் பழைய நம்பிக்கை, கனமான கரைப்பான் இறங்கிய நிலத்தில் செல்லாது. எனினும் எல்லா போரும் ஐயத்துக்குரியதல்ல. சுற்றி வயலும் பனையும் மட்டுமே இருந்த மனையில் இதற்கு முகாந்திரமே இல்லை. பக்கத்தில் உலோகம் கழுவும் பட்டறையோ, உலர்சலவைக் கடையோ, கழிவெண்ணெய் கொட்டிய பள்ளமோ எப்போதாவது இருந்ததா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு அறிவதுதான் முதல் பரிசோதனை. அதற்குக் காசு செலவில்லை.

கேன் தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேன் பி.வி.சி. அல்ல, உள்ளே இருப்பதும் பெரும்பாலும் யாரோ ஒருவரின் போர் தண்ணீர்தான்.

வடிகட்டிக் கடையில் நடப்பதைச் சொல்கிறேன். விற்பனையாளர் ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீரையும் மற்றொன்றில் ஆர்.ஓ. தண்ணீரையும் வைத்து, டி.டி.எஸ். மீட்டரை நனைத்துக் காட்டுகிறார். எண் சரசரவென்று இறங்குகிறது. பார்ப்பவர் மனம் குளிர்கிறது. அந்தக் கருவி அளப்பது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும் திறனை. வினைல் குளோரைடுக்கு மின்னூட்டமே இல்லை; அது எவ்வளவு இருந்தாலும் மீட்டரின் எண் அசையாது. ஆர்.ஓ. கருவிக்குள் தண்ணீரை வடிக்கும் சவ்வின் கதையும் அதுவே. உப்பு அயனிகளை நிறுத்தும் ஆர்.ஓ. சவ்வு, மின்னூட்டமற்ற சிறு மூலக்கூறை முழுமையாக நிறுத்தும் என்று நம்ப முடியாது. நாங்குநேரி, ராதாபுரம் வட்டாரங்களில் உவர்ப்பு நீரைக் குடிக்க ஆர்.ஓ. தேவைப்படலாம், அது உப்புக்குச் செய்யும் வைத்தியம். உப்பு குறைவான ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும் வீட்டில் அதைப் பொருத்தி, ஒரு லிட்டர் குடிக்க இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுவது எனக்கு உடன்பாடில்லை.

கரி வடிகட்டி பல கரிம மாசுகளுக்கு நல்லது என்பதால் இதற்கும் நல்லதென்று எண்ணுவது இயல்பு. வினைல் குளோரைடு கரியில் மிகத் தளர்வாகவே ஒட்டுகிறது; சமையலறை வடிகட்டியிலுள்ள கையளவுக் கரி விரைவில் நிறைந்துவிடும், நிறைந்ததை அறிய வழியும் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வேறு பல கரைப்பான்களுக்குக் கரியையும் ஏற்றுக்கொண்டு, வினைல் குளோரைடுக்கு மட்டும் காற்றேற்றும் கோபுரத்தையே சிறந்த தொழில்நுட்பமாகக் குறித்திருப்பது இதனால்தான். யு.வி. விளக்கு கிருமிக்கானது, இங்கே பேச்சே இல்லை.

காற்றேற்றம் என்றால் தண்ணீரைச் சிதறவிட்டுக் காற்றோடு உறவாட விடுவது. வாயுவாக வாழ விரும்பும் பொருளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம், அவ்வளவுதான். போர் தண்ணீரை மேல்நிலைத் தொட்டியின் மூடிக்கு அருகிலிருந்து பூவாளிபோல் சிதறி விழச் செய்து, தொட்டிக்குக் கொசுவலை கட்டிய காற்றுக் குழல் வைத்தால், செலவு ஒரு ஷவர் தலையும் ஒரு அடிக் குழாயும்தான். கோபுரம் செய்யும் வேலையை இது முழுதாகச் செய்யாது. ஆனால் கணிசமாகக் குறைக்கும், அதோடு குளிக்கும் தண்ணீருக்கும் சேர்த்துப் பயன்படும். சூடான தண்ணீரில் குளிக்கும்போது இந்த வாயு மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும் என்பதால், சமையலறையில் மட்டும் எந்தக் கருவியைப் பொருத்தினாலும் பாதிக் கேள்வி மீதியிருக்கும். காய்ச்சுவதும் பலன் தரும். மூடியில்லாமல், கொதி வந்தபின் சில நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். பூட்டிய சமையலறையில் காய்ச்சினால் தண்ணீரை விட்டது காற்றில் நிற்கும். மாசு உறுதிப்பட்ட கிணற்றுக்கு இவையெல்லாம் தற்காலிக ஏற்பாடுகளே. அங்கே கிணற்றையே கைவிட வேண்டும்.

பரிசோதனைக்குக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு, கோலிஃபார்ம் என்று வருமே தவிர, இது வராது. ஆவியாகும் கரிமச் சேர்மங்களை வாயு நிறப்பிரிகை, நிறைமாலை (ஜி.சி.-எம்.எஸ்.) கருவிகளால் அளக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் தனியாகக் கேட்க வேண்டும். மாதிரியைக் குடிநீர் பாட்டிலில் முக்கால் நிரப்பிக் குலுக்கிக் கொண்டுபோனால், இருந்ததும் வழியிலேயே பறந்துபோய், இல்லை என்ற பொய்யான பதில் வரும். ஆய்வகம் தரும் சிறு கண்ணாடிக் குப்பியில், ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல், தலைதட்ட நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும்.

இவற்றோடு பேட்டையில் என் அத்தை வீட்டையும் சேர்த்தே யோசித்தேன். அங்கே 1980-களில் பதித்த பி.வி.சி. குழாய் தெருவிலிருந்து கொல்லைவரை ஓடுகிறது. அத்தை தனியாக இருக்கிறார். குழாயைத் திறக்காமலே இரண்டு நாள் போகும். சுவரை இடித்து மாற்ற அவருக்குப் பணமும் இல்லை, தெம்பும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்விட்டம் 20 மில்லிமீட்டர், நீளம் 15 மீட்டர் என்றால், குழாய்க்குள் தேங்கி நிற்பது ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அரை வாளி. காலையில் முதல் அரை வாளியை வாழைக்கு ஊற்றிவிட்டு, அதன்பிறகு வருவதைக் குடத்தில் பிடித்தால், அத்தனை ஆண்டுப் பழைய குழாயில் மிஞ்சியிருக்கக்கூடிய சொற்பமும் குடத்துக்கு வராது. அத்தையிடம் இதை விளக்கியபோது, "எங்க அம்மா காலத்துலயே மொதத் தண்ணிய குடத்துல புடிக்க மாட்டோமேடா" என்றார். அவர் வீட்டுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

தங்கை வீட்டுக்கு எழுதிக் கொடுத்த முடிவு இது. குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் திட்டத் தண்ணீர், தனிக் குழாயில் நேராகச் சமையலறைக்கு; அந்தக் குழாய் ஐ.எஸ். 4985 முத்திரையும் ஈயமற்றது என்ற அச்சும் உள்ள பி.வி.சி., மொட்டைமாடி வெயில் படாமல் சுவருக்குள்ளேயே. வெந்நீருக்கு மட்டும் சி.பி.வி.சி. முத்திரையில்லாத கட்டைக் கடைக்கே திருப்பி அனுப்பியாயிற்று. ஆர்.ஓ. வேண்டாம், அந்தப் பணத்தில் ஒரு பங்கு பரிசோதனைக்கு. போர் தண்ணீர் மேல்தொட்டிக்கு, சிதறி விழும் தலையோடு. மாப்பிள்ளைக்கு ஆர்.ஓ. இல்லாதது இன்னும் மனக்குறைதான். விருந்தாளிகள் கேட்பார்களே என்கிறார்.

பரிசோதனையை நான் வற்புறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. விசாரித்தபோது, பின்பக்கத்து மனையில் பல ஆண்டுகளுக்கு முன் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை இருந்ததாக எதிர்வீட்டுப் பெரியவர் சொன்னார். பாகங்களை எதில் கழுவினார்கள் என்று அவருக்கு நினைவில்லை. ஆய்வகத்திலிருந்து நான்கு கண்ணாடிக் குப்பிகள் வந்து, தங்கை தங்கியிருக்கும் வாடகை வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கின்றன. திங்கட்கிழமை மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு மாதிரி எடுக்கிறோம். பதில் வரும்வரை அந்த போர் தண்ணீர் சுவர் நனைக்க மட்டும்.